பங்குனியும் சித்திரையும் வைக்கும் கெடு

மார்ச் கடைசியில் எங்கள் தெருவே அமுங்கிக் கிடக்கும். வீட்டுக்கு வீடு முழுப் பரீட்சை. சாயங்காலம் பந்து விளையாட ஆள் கிடைக்காது. அந்த நேரத்தில் எங்கள் பிள்ளைகள் இருவரும் காலை ஆறு மணிக்கு வேப்பமரத்தடியில் பழைய சேலையை விரித்துக்கொண்டிருப்பார்கள். "உங்க பிள்ளைகளுக்கு இப்பவே லீவு விட்டாச்சா?" என்று கேட்காமல் பால்காரர்கூடத் தாண்டிப் போனதில்லை. லீவெல்லாம் இல்லை, இவர்களுக்குப் படிப்பே வீட்டில்தான். சொல்லப்போனால் வருஷத்தில் எங்களுக்கு வேலை நெரிகிற காலமே பங்குனியும் சித்திரையும்தான்.

நாங்கள் இருப்பது மதுரைக்கு வடக்கே, அழகர்கோவில் சாலையில், கடச்சனேந்தல் பக்கம். பெரியவளுக்கு 11 வயது, சின்னவனுக்கு 7. பெரியவள் இரண்டாம் வகுப்பு வரை பள்ளிக்குப் போனவள். சின்னவன் போனதே இல்லை. நான் வீட்டிலிருந்தே இரண்டு மூன்று கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். வீட்டுக்காரர் காலையில் வேலைக்குக் கிளம்பினால் திரும்ப இரவாகிவிடும். மாமியார் எங்களோடு இருக்கிறார். இந்தக் கடைசி விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். அப்பத்தா இல்லாத வீட்டில், தாயும் சம்பாதித்துக்கொண்டு, நாங்கள் செய்வதை அப்படியே செய்யலாம் என்று யாரிடமும் நான் சொல்ல மாட்டேன்.

வீட்டுக்கல்வி என்றதும் எல்லோரும் கேட்பது டைம்டேபிளைப் பற்றித்தான். டைம்டேபிள் போடுவது பெரிய விஷயமில்லை. கெடுதான் சிக்கல். பள்ளியில் பரீட்சைத் தேதி என்று ஒன்று இருக்கிறது, அதற்குள் பாடம் முடிந்தாக வேண்டும். வீட்டில் "சரி, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று எதையும் தள்ளிவிடலாம். நாம் கெடு வைத்தாலும் அதை வைத்தவர் அம்மா என்பது பிள்ளைகளுக்குத் தெரியும், கெஞ்சினால் நீளும் என்பதும் தெரியும். வேப்பம்பூவிடம் கெஞ்ச முடியாது. உதிர்ந்தால் உதிர்ந்ததுதான். மார்ச் 20 உச்சிவேளை நிழல் அடுத்த வாரம் அதே நீளத்தில் கிடைக்காது. மே 4-ல் அக்னி நட்சத்திரம் பிறந்துவிட்டால் மொட்டை மாடியில் கால் வைக்க முடியாது. அதனால் இந்த இரண்டு மாதங்களுக்கு நாங்கள் பாடமாக எடுப்பதெல்லாம் தள்ளிப்போட முடியாத வேலைகளை. என் வாய்க்கும் ஓய்வு.

ஒரு நாள் இப்படிப் போகும். ஆறிலிருந்து எட்டரை வரை வெளியே, மரம், பறவை, மாடி. ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரை மேஜை. அதில் முதல் ஒரு மணி நேரம் கணக்கு. வீட்டில் கல்யாணமே நடந்தாலும் கணக்குக்கு மட்டும் விடுப்பு கிடையாது. மற்ற பாடங்கள் ஒரு மாதம் தூங்கினாலும் எழுந்துகொள்ளும், கணக்கு விட்டால் விட்டதுதான். புத்தகத்துக்குச் செலவில்லை. தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் புத்தகங்களை இணையத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், வேண்டிய பக்கத்தை மட்டும் தெருமுனைக் கடையில் பிரிண்ட் எடுத்துக்கொள்கிறோம். பகல் பன்னிரண்டரையிலிருந்து நாலு வரை வெயிலுக்கு யாரும் தலைகாட்டுவதில்லை. சத்தமாக வாசிப்பது, தூங்குவது, அப்பத்தாவிடம் கதை கேட்பது. அந்த மூன்றரை மணி நேரத்தில்தான் நான் கடைக் கணக்கை முடிப்பேன்.

இலக்கணப்படி இளவேனில் சித்திரையும் வைகாசியும்தான். மரங்கள் அதற்கு முன்பே தொடங்கிவிடுகின்றன. மாசி முடியும்போதே புங்கை பழைய இலையைக் கொட்டிவிட்டுப் பளபளவென்று தளிர் விடும். அரசமரம் செம்புநிறத்தில் மின்னும். குயில் கூவத் தொடங்கியதும் எங்கள் மரத்துக் காக்கைகளுக்கு நிம்மதி போய்விடும். ஏன் என்று சின்னவன் கேட்டான். காக்கை கூட்டில்தான் குயில் முட்டையிடும், கறுப்பாக இருப்பது ஆண், பெண் பழுப்பில் புள்ளி போட்டிருக்கும் என்று சொன்னேன். அதுவரை புள்ளிக் குயிலை வேறு ஏதோ பறவை என்று அவன் பெயர் வைத்து எழுதி வைத்திருந்தான். பெயரை அடித்துவிட்டுத் திருத்தவில்லை. பக்கத்தில் "இதுவும் குயிலாம்" என்று எழுதினான். அந்த "ஆம்" எனக்குப் பிடித்திருந்தது. தானே பார்க்கும் வரை அவன் அதை ஒப்புக்கொள்ளப்போவதில்லை.

மரத்தைக் கவனிப்பதற்கு சீசன்வாட்ச் என்ற திட்டத்தில் சேர்ந்திருக்கிறோம். இந்தியா முழுக்கப் பொதுமக்களே மரங்களைப் பார்த்துக் குறிப்பெடுக்கும் திட்டம் அது. ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து வாரம் ஒருமுறை தளிர், பூ, காய், பழம் ஒவ்வொன்றும் இருக்கிறதா, கொஞ்சமா நிறையவா என்று பதிய வேண்டும். ஐந்து நிமிட வேலைதான். "கொஞ்சம்" எங்கே முடிந்து "நிறைய" எங்கே தொடங்குகிறது என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு அக்காவும் தம்பியும் போடும் சண்டை அரை மணி நேரம் ஓடும். அந்தச் சண்டையை நான் விலக்குவதில்லை. விஞ்ஞானத்தில் பாதி அதுதான் என்பது என் எண்ணம்.

வேப்பம்பூ விஷயத்துக்கு வருகிறேன். முந்தின நாள் சாயங்காலமே மரத்தடியைப் பெருக்கிவிட்டு, பருத்திச் சேலையை விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்துவிட வேண்டும். காலையில் சேலையைச் சுருட்டினால் பூவும் காம்பும் எறும்பும் சேர்ந்து வரும். (கூடு கட்டியிருக்கும் காக்கை தலையில் தட்டவும் வரும், தொப்பி போட்டுக்கொள்வது நல்லது.) முறத்தில் போட்டுப் புடைப்பது அப்பத்தா வேலை. காம்பு பொறுக்குவது பிள்ளைகள். 

போன வருஷம் பெரியவளிடம் ஒரு கேள்வி கொடுத்தேன்: பூ காய்ந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? சமையலறை டிஜிட்டல் தராசை எடுத்துக்கொண்டாள். முதல் நாள் 200 கிராம் எடுத்துத் தட்டில் பரப்பி, தினமும் சாயங்காலம் நிறுத்து எழுதினாள். முதல் நாளே எடை பாதிக்குக் கீழே போய்விட்டது. அப்புறம் இறக்கம் மெதுவானது. கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தபோது, செங்குத்தாக விழுந்த கோடு போகப்போகப் படுத்துக்கொண்டது. அப்பத்தா ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் நசுக்கிப் பார்த்தார்.

"போதும்டி, டப்பால போடு."

"இல்ல அப்பத்தா, இன்னும் குறையுது."

"எனக்குக் கைல தெரியுது."

"எனக்குத் தராசுல தெரியுது."

மறுநாள் இன்னும் இரண்டு கிராம் குறைந்தது. அதற்கு மறுநாள் குறையவில்லை, 50 கிராமுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. இரண்டு நாள் எடை மாறாவிட்டால் காய்ந்தது என்று பெரியவள் நோட்டில் விதி எழுதிக்கொண்டாள். கால்வாசிக்கும் குறைவு என்பது பின்னம், போனது எத்தனை சதவீதம் என்பது அடுத்த கணக்கு. சதவீதப் பாடத்தைப் புத்தகத்தில் நாங்கள் அதற்கு அப்புறம்தான் திறந்தோம், மளமளவென்று போனது. ஏப்ரல் 14 வருஷப் பிறப்புப் பச்சடிக்குத் தராசு சொன்ன பூவும் போனது, கை சொன்ன பூவும் போனது. ருசியில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

நிழல் அளப்பதுதான் இந்தப் பருவத்தில் நாங்கள் செய்ததிலேயே பெரிய வேலை. இதை விவரமாகச் சொல்கிறேன், யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

மார்ச் 20 வாக்கில் சூரியன் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே இருக்கும். அன்றைக்கு உச்சியில் ஒரு நேர்க் குச்சியின் நிழலை அளந்தால் நம் ஊர் பூமத்திய ரேகையிலிருந்து எத்தனை டிகிரி வடக்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். இரண்டு ஊரில் அளந்தால் பூமியின் சுற்றளவையே கணக்கிடலாம். கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனீஸ் 2,200 ஆண்டுகளுக்கு முன்பு எகிப்தில் செய்தது இந்தக் கணக்கைத்தான். சென்னையில் காலேஜ் படிக்கும் நாத்தனார் மகனை போனில் பிடித்தோம். 2025 மார்ச் 20 வியாழக்கிழமை, இரண்டு மொட்டை மாடி, இரண்டு 1 மீட்டர் குச்சி.

கொத்தனாரிடம் வாங்கிய தூக்குக்குண்டை வைத்துக் குச்சி செங்குத்தாக நிற்கிறதா என்று பார்த்தோம். மாடித் தரை வாட்டமாக இருக்கும், மழைத்தண்ணீர் ஓடுவதற்காக அப்படிப் போட்டிருப்பார்கள். ஒரு பலகையைப் போட்டு அடியில் அட்டை சொருகி ரசமட்டம் வைத்துச் சரி செய்தோம். பன்னிரண்டு மணியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி. நிழல் எப்போது மிகவும் குட்டையாகிறதோ அதுதான் உண்மையான உச்சி. பெரியவள் சரியாகப் பன்னிரண்டுக்கே அது வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. குட்டை நிழல் 12:25-க்கு வந்தது. சென்னையிலோ 12:16-க்கே வந்துவிட்டது. கடிகாரம் எல்லா ஊருக்கும் பொதுவாக 82½ டிகிரி தீர்க்கரேகையைப் பார்த்து ஓடுகிறது. நாம் அதற்கு மேற்கே இருப்பதால் சூரியன் நம் தலைக்கு வரத் தாமதமாகும், ஒரு டிகிரிக்கு நாலு நிமிடம். மிச்ச ஏழு நிமிடம் வருஷத்தின் அந்தப் பொழுதுக்குச் சூரியன் கடிகாரத்துக்குப் பின்தங்குவதால் வருவது. ஏப்ரல் நடுவில் அந்த ஏழு நிமிடம் ஒன்றுமில்லாமல் போய்விடும். இதைப் புத்தகத்தில் படித்திருந்தால் ஒரு வரி. பலகை ஓரத்தில் உட்கார்ந்து "இன்னும் குறையுதும்மா" என்று அவள் கத்திக்கொண்டிருந்த இருபத்தைந்து நிமிடம் வேறு.

எங்கள் நிழல் 17½ சென்டிமீட்டர். சென்னையிலிருந்து வந்த அளவு 24. பதினொரு வயதுப் பெண்ணுக்கு முக்கோணவியல் தெரிய வேண்டியதில்லை. தாளில் 20 சென்டிமீட்டர் உயரக் கோடு, அடியில் மூன்றரை சென்டிமீட்டர் நிழல் என்று ஐந்தில் ஒரு பங்கு அளவில் வரைந்து, கோணமானியை வைத்தால் போதும். மதுரைக்கு 10 டிகிரி, சென்னைக்கு பதின்மூன்றரை. வித்தியாசம் மூன்றரை. அடுத்து தூரம். ரோட்டில் போனால் 450 கிலோமீட்டருக்கு மேல், ஆனால் சென்னை நமக்கு நேர் வடக்கில் இல்லை. நமக்கு வேண்டியது வடக்கே மட்டும் எவ்வளவு தூரம் என்பது. தேசப்படத்தில் அளந்ததில் சுமார் 350 கிலோமீட்டர். மூன்றரை டிகிரிக்கு 350 என்றால் 360 டிகிரிக்கு 36,000.

உண்மை அளவு சுமார் 40,000. அவள் முகம் வாடிவிட்டது. அத்தை மகன் சரியாக அளக்கவில்லை என்று கோபம் வேறு. நான் அவளை மறுபடி மாடிக்குக் கூட்டிப் போய் நிழலின் நுனியைக் காட்டினேன். நுனி கத்தி வெட்டியது போல் இருக்காது, மங்கி மங்கிக் கரையும். சூரியன் புள்ளி இல்லை, வட்டம். வானத்தில் அரை டிகிரி அகலம். அதனால் 1 மீட்டர் குச்சியின் நிழலில் நுனி கிட்டத்தட்ட 1 சென்டிமீட்டருக்கு மங்கலாக விழும். அந்த மங்கலில் எங்கே புள்ளி வைப்பது? அவன் வெளி ஓரத்தில் வைத்திருப்பான், இவள் நடுவில். ஒரு சென்டிமீட்டர் பிசகினால் கோணம் அரை டிகிரி மாறும், மூன்றரை டிகிரியில் அரை டிகிரி என்பது ஏழில் ஒரு பங்கு. கணக்கைப் போட்டுப் பார்த்தவுடன் கோபம் போய்விட்டது. பிசகு பத்து சதவீதத்தோடு நின்றதற்கே ஆச்சரியப்பட வேண்டும் என்றாகிவிட்டது.

இதற்கு மாற்றாக, குச்சியின் தலையில் சிறு துளை போட்ட அட்டையைப் படுக்கையாக ஒட்டிவிட்டால் நிழலின் நடுவே சூரியனின் சின்ன வெளிச்ச வட்டம் விழும். அதன் மையத்தைக் குறிப்பது சுலபம். குச்சியை நீளமாக்கினால் பயனில்லை, மங்கலும் கூடவே நீளும். செப்டம்பர் 22, 23 வாக்கில் இதே நிலை மறுபடி வருவதால் அட்டையோடு செய்ய இன்னொரு வாய்ப்பும் உண்டு.

பங்குனியில் அளந்து முடித்த கையோடு, ஏப்ரல் 16 வாக்கில் மதுரைக்கு நிழல் இல்லாத நாள் வரும். உச்சி 12:17, 12:18-க்குச் சூரியன் நேர் தலைக்கு மேல். கன்னியாகுமரிக்கு அது ஏப்ரல் 10, 11-லேயே வந்துவிடும், சென்னைக்கு 24 வாக்கில். ஆகஸ்ட்டில் இன்னொரு முறை உண்டு, மதுரைக்கு 27 வாக்கில். சின்னவன் வீட்டிலிருந்த டம்ளர், பவுடர் டப்பா, இட்லிக் குண்டான் அத்தனையையும் மாடிக்குக் கொண்டுவந்து வரிசையாக வைத்தான். குண்டானின் காது மட்டும் நிழல் விட்டது. அது ஏன் என்று விளக்கவே அரை மணி நேரம் ஆனது. செருப்பு போடாமல் ஏறாதீர்கள், சூரியனை நிமிர்ந்து பார்க்க விடாதீர்கள். மற்றபடி செலவே இல்லாத வேலை.

சித்திரையில் மதுரைக்காரர்களுக்கு அழகரை விட்டால் பேச்சு கிடையாது. ஆற்றில் இறங்குவதற்கு முந்தின நாள் எங்கள் வழியாகத்தான் போவார். 2024-ல் அவர் வைகையில் இறங்கியது ஏப்ரல் 23. 2025-ல் மே 12. "போன வருஷத்த விட இவ்வளவு லேட்டா வர்றாரே, ஏன்?" என்று பெரியவள் அப்பத்தாவிடம் கேட்டாள். "சித்திரா பௌர்ணமிக்குத்தான் இறங்குவாரு" என்றார் அப்பத்தா. பதில் அவ்வளவுதான், ஆனால் அதற்குள்ளேயே எல்லாம் இருந்தது. தினக் காலண்டர் இரண்டு வருஷத்தையும் கீழே விரித்தோம். பன்னிரண்டு பௌர்ணமிக்கு 354 நாள்தான். ஆகவே அடுத்த வருஷப் பௌர்ணமி 11 நாள் முன்னால் வரும். 2025-ல் அப்படி வந்த முழு நிலா ஏப்ரல் 12 இரவு. சித்திரை பிறந்தது 14. ஒரு நாள் இடைவெளியில் அந்த நிலா பங்குனிக் கணக்கில் விழுந்துவிட்டது, அழகர் அடுத்த நிலாவுக்குக் காத்திருக்க வேண்டியதாகிவிட்டது. மாதம் சூரியனைப் பார்த்து, திதி நிலாவைப் பார்த்து என்று இரண்டு கணக்கு ஒரே காலண்டரில் ஓடுவதை நானே அன்றைக்குத்தான் விரல் வைத்துப் பார்த்தேன். அப்பத்தாவுக்கு இதெல்லாம் புதிதில்லை. "பின்னே, நாங்க என்ன சும்மாவா விரதம் இருக்கோம்?" என்று எழுந்து போனார்.

இதையெல்லாம் படித்தால் எங்கள் வீட்டில் தினமும் ஏதோ கண்டுபிடிப்பு நடப்பது போலத் தோன்றும். முக்கால்வாசி நாள் அப்படி இல்லை. வாய்ப்பாடு, எழுத்துப் பயிற்சி, "பென்சில் யார் எடுத்தா", "அவன் என்னைப் பார்த்து முறைக்கிறான்". ஏப்ரலில் பள்ளிகள் அடைத்ததும் தெருவில் பிள்ளைகள் திரண்டுவிடுவார்கள். அதற்கப்புறம் மேஜையில் உட்காரவைப்பது நடக்காத காரியம், நான் அதற்கு முயல்வதுமில்லை. பள்ளிப் பிள்ளைகளோடு விளையாட வருஷத்தில் கிடைக்கும் நீண்ட காலம் அது ஒன்றுதான். நண்பர்கள் இல்லாமல் வளர்வார்களே என்ற கேள்விக்கு என்னிடம் இருக்கும் ஒரே பதிலும் அதுதான், கூடவே சாயங்கால மைதானமும். கணக்கு மட்டும் காலை ஏழிலிருந்து எட்டு. மே மாதம் மாமா பிள்ளைகள் வந்துவிட்டால் கூழ்வத்தல் பிழிய ஆள் கூடும். அவர்களுக்கும் சேர்த்து ஒரு கணக்கு நோட்டு.

நோட்டு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு நீள நோட்டில் தேதி போட்டு அன்றைக்கு என்ன செய்தோம் என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். பிள்ளைகள் எழுதிய தாள், வரைந்த படம் எல்லாவற்றையும் மாதவாரியாகக் கோப்பில் போடுங்கள். சட்டம் கேட்கிறது என்பதற்காக இல்லை. ஆறு மாதம் கழித்து "ஒன்றுமே படிக்கவில்லையோ" என்ற பயம் எல்லாப் பெற்றோருக்கும் வரும். அப்போது புரட்டிப் பார்க்க ஏதாவது வேண்டும்.

சட்டத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10-ஆவது பிரிவு சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதுவும் அதில் இல்லை. வீட்டுக்கல்வி என்ற பெயரே அதில் கிடையாது. இந்த நடுவெளியில்தான் வீட்டுக்கல்விக் குடும்பங்கள் இருக்கின்றன, தெரிந்தே இறங்குங்கள். சான்றிதழுக்கு வழி இருக்கிறது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் 14 வயது ஆனதும் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். எட்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாதவர்கள், பத்தாம் வகுப்பைப் படிக்கும் அளவுக்குத் தயாராக இருக்கிறேன் என்று தாங்களே உறுதிமொழி கொடுத்தால் போதும். ஐந்து பாடம், தேர்வு ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் என வருஷத்துக்கு இரண்டு முறை. ஐந்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை, ஐந்து வருஷத்துக்குள் பிரித்து எழுதலாம். மாநில அரசு நடத்தும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வும் உண்டு, அதற்கு வயது பன்னிரண்டரை முடிந்திருக்க வேண்டும். பெரியவள் அதை எழுதுவதா, நேராகப் பத்துக்குப் போவதா என்று நாங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை.

அவளுக்கே பரீட்சை என்றால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை. தெருப் பிள்ளைகள் எல்லாரும் எழுதும் நாட்களில் தனக்கும் ஒரு தாள் வேண்டும் என்று கேட்டாள். ஆறாம் வகுப்பு மூன்றாம் பருவக் கணக்குப் புத்தகத்திலிருந்து ஒரு கேள்வித்தாள் தயாரித்துக் கொடுத்தேன். இரண்டு மணி நேரம், கடிகாரம் வைத்து, கதவைச் சாத்தி. சின்னவன் சூப்பர்வைசர். நாற்காலி போட்டு வாசலில் உட்கார்ந்தான். பாதியில் என்னிடம் ஓடிவந்து, "அக்கா தண்ணி கேக்குறா. குடுக்கலாமா, இல்ல அது காப்பியடிக்கிறதுல வருமா?" என்று கேட்டான்.